இரட்டைக் கண்ணாடி போட்டால் கொச்சியின் வெயில் நிற்குமா?

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் ஜன்னல்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. செலவு, சட்டம், மழை, கொசு, கரண்ட் பில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மாலை நேரம். பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில் முழு ஜன்னல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். தேக்குச் சட்டம், பித்தளைக் கொண்டி, சாய்வான மெல்லிய பலகைகளை அடுக்கடுக்காகக் கோத்த இரண்டு கதவுகள். நடுவில் ஒரு குச்சி. அதை மேலே தள்ளினால் பலகைகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும்; கீழே இழுத்தால் ஒன்றாக மூடும். வெளியூர்ப் பயணி ஒருவர் அதைத் தள்ளியும் இழுத்தும் பார்த்துவிட்டு விலை கேட்கிறார். கப்பலில் அனுப்ப முடியுமா என்றும் கேட்கிறார்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் மினி லாரி பின்னோக்கி நுழைகிறது. அதில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெள்ளை யூ.பி.வி.சி. ஃபிரேம்கள், அட்டை மூலைகள் வைத்துக் கட்டிய கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியும் இரண்டு தகடுகள். நடுவே விரலளவு இடைவெளி. வீட்டின் மேல்மாடியில் ஆசாரி பழைய ஜன்னலைச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்புச் சாந்து தூளாகக் கொட்டுகிறது. அந்த ஜன்னலும் சில நாட்களில் ஏதாவது ஒரு கடை வாசலில் நிற்கும்.

கொச்சியில் வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போது பேச்சு ஜன்னலில் வந்து நிற்கிறது. ‘டபுள் கிளேசிங் போட்டால் ஏசி பில் பாதியாகும்’ என்று கடைக்காரர் சொல்கிறார். ‘பழைய வீட்டில் கை வைத்தால் மரபுத் துறை வந்துவிடும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். இரண்டுமே முழு உண்மை இல்லை. லட்சக்கணக்கில் செலவு செய்யப்போகிற குடும்பத்துக்கு முழு உண்மை தெரிய வேண்டும்.

ஆசை எங்கிருந்து வந்தது?

2024 ஏப்ரல், மே மாதங்களைக் கேரளம் எளிதில் மறக்காது. மாநிலத்தின் ஒரு நாள் மின் நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. கேரளத்துக்கே வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. பகல் புழுக்கம் பழகியதுதான். இரவிலும் அது விடவில்லை என்பதுதான் புதிது. அதுவரை ஏசி வேண்டாம் என்று இருந்த வீடுகளிலும் படுக்கையறைக்கு ஒரு ஏசி வந்தது.

மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இன்னொரு காரணமும் உண்டு. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சிக்குப் பிறகு, கலை பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் பெருகின. விருந்தினர் முதலில் கேட்பது ஏசி. சாய்வுப் பலகை ஜன்னல் உள்ள அறையில் ஏசியை மாட்டினால், குளிர்ந்த காற்று பலகை இடுக்குகள் வழியே தெருவுக்குப் போகும். அதனால் ஜன்னலை மாற்றலாம் என்ற யோசனை வருகிறது.

மூன்றாவது, உறவினர். பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் மகளும் துபாயில் இருக்கும் தம்பியும் விடுமுறைக்கு வந்து ‘எங்கள் வீட்டில் எல்லாம் டபுள் கிளேசிங்தான்’ என்கிறார்கள். அவரவர் ஊருக்கு அது சரிதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, உள்ளே 20 டிகிரி என்று குளிர்காலம் முழுக்க இருக்கும் நாட்டில், ஜன்னல் வழியே வெப்பம் கசிவதைத் தடுப்பது முதல் வேலை. இங்கிலாந்தில் 2002 ஏப்ரல் முதல், ஜன்னலை மாற்றுவதே கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. வளைகுடாவில் வெளியே 45 டிகிரி, உள்ளே நாள் முழுக்க ஏசி. அங்கும் கணக்கு சரியாக வரும்.

கொச்சியில் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி 23 முதல் 33 டிகிரிக்குள் நிற்கிறது. இங்கே உடலை வருத்துவது ஈரப்பதம். மற்ற ஊர்களின் தீர்வை இந்த ஊரின் நோய்க்கு அப்படியே கொடுத்தால் பணம் போகும், புழுக்கம் போகாது.

கண்ணாடி வழியே வருவது எது?

ஜன்னல் வழியே வெப்பம் இரண்டு வகையில் உள்ளே வருகிறது. வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்றால் அந்த வித்தியாசத்தால் கண்ணாடியின் ஊடே கசிவது ஒன்று. வெயில் நேரடியாகக் கண்ணாடியைக் கடந்து தரையிலும் மெத்தையிலும் விழுந்து சூடாக்குவது இன்னொன்று. இரட்டைக் கண்ணாடி முதல் வகையைப் பாதியாகக் குறைக்கும். இரண்டாவது வகையில், சாதாரணத் தெளிந்த கண்ணாடியாக இருந்தால், அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வெயிலுக்கு ஒரு தகடும் ஒன்றுதான், இரண்டு தகடும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதில் எது பெரியது என்பதற்கு அரசின் கையிலேயே விடை இருக்கிறது. எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவரும் ஜன்னலும் சேர்ந்து வீட்டுக்குள் எவ்வளவு வெப்பத்தை விடலாம் என்பதற்கு அதில் ஒரு வரம்பு உண்டு. சதுர மீட்டருக்கு 15 வாட். அதைக் கணக்கிட ஒரு சூத்திரமும் தந்திருக்கிறார்கள். கொச்சி, சென்னை போன்ற வெப்ப-ஈரப்பத ஊர்களுக்கு அந்தச் சூத்திரத்தில் கண்ணாடியின் கசிவு அளவை 1.31 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது என்ற அளவை 65.21 என்ற எண்ணால் பெருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒற்றைக் கண்ணாடியின் கசிவு அளவு சுமார் 5.7. இரட்டைக்கு 2.8. மாற்றினால் சூத்திரத்தில் கிடைக்கும் லாபம் 4-க்கும் கீழே. தெளிந்த கண்ணாடியின் வெயில் அளவு 0.82. நல்ல வெயில் தடுப்புக் கண்ணாடிக்கோ, வெளியே நிழல் கொடுத்த ஜன்னலுக்கோ அது 0.28 அளவுக்கு இறங்கும். அந்த லாபம் 35. ஒன்பது மடங்கு வித்தியாசம். ‘இரண்டு கண்ணாடியா, ஒன்றா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘வெயில் இந்த ஜன்னலைத் தொடுகிறதா’ என்று கேட்க வேண்டும்.

■ பெட்டி: ஒரே ஜன்னல், நான்கு கணக்கு

மேற்கு பார்த்த ஜன்னல், 1.5 சதுர மீட்டர். ஏப்ரல் மாதம், மாலை 4 மணி. வெளியே 33 டிகிரி, உள்ளே 24. சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொண்டால் அறைக்குள் வரும் வெப்பம்:

ஒற்றைத் தெளிந்த கண்ணாடி: சுமார் 815 வாட்.

இரட்டைத் தெளிந்த கண்ணாடி: சுமார் 670 வாட்.

வெயில் தடுப்புப் பூச்சு கொண்ட, விலை உயர்ந்த இரட்டைக் கண்ணாடி: சுமார் 275 வாட்.

ஒற்றைக் கண்ணாடியே, ஆனால் வெளியே மரக்கதவோ தட்டியோ வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் தடுக்கிறது: சுமார் 225 வாட்.

இரவுக் கணக்கு: வெளியே 27, உள்ளே 24 டிகிரி. இரட்டைக் கண்ணாடியால் மிச்சமாகும் வெப்பம் 13 வாட். ஏசி அதை வெளியேற்ற எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 4 வாட். இரவு 8 மணி நேரம் ஓடினால், அந்த ஒரு ஜன்னலுக்கு மாதம் 1 யூனிட் மிச்சம்.

(1 டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட்.)

அந்த இரவுக் கணக்கைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் பெரும்பாலான வீடுகளில் ஏசி ஓடுவது இரவில், படுக்கையறையில். அப்போது வெயில் இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமும் இரண்டு மூன்று டிகிரிதான். ஜன்னலுக்கு மாதம் ஒரு யூனிட் மிச்சம் பிடித்து, கண்ணாடிக்குக் கொடுத்த பணத்தை ஒரு ஆயுளில் திரும்ப எடுக்க முடியாது. ‘பில் பாதியாகும்’ என்ற வாக்குறுதிக்கு இந்த ஊரில் அடிப்படை இல்லை.

பழைய ஜன்னலை மாற்றியபின் பில் குறைந்த வீடுகளும் இருக்கலாம். அங்கே பலன் தந்தது பெரும்பாலும் கண்ணாடியின் எண்ணிக்கையாக இருக்காது, இடுக்குகள் அடைபட்டதாகத்தான் இருக்கும். இடுக்கு வழியே வரும் ஈரக் காற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுக்க ஏசி மிகவும் பாடுபட வேண்டும். அந்த இடுக்கை ரப்பர் பட்டையும் நல்ல கீலும் கொண்டு அடைக்க முடியும். செலவு சில ஆயிரங்கள்.

சூரியன் நடக்கும் பாதையையும் கவனிக்க வேண்டும். கொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு மேலே ஒரு சன்ஷேடு போதும். உயரத்திலிருந்து வரும் வெயில் அதிலேயே தடைபடும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. தாழ்ந்து சாய்ந்து வரும் வெயிலை சன்ஷேடு நிறுத்தாது. அதற்கு ஜன்னலின் முகத்துக்கு நேராக, வெளிப்புறத்தில் ஒரு தடுப்பு வேண்டும். சாய்வுப் பலகைக் கதவு அதற்காகவே செய்யப்பட்டது. வெயிலை மறித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் விட்டு, காற்றை முழுக்க விடுகிறது. உள்ளே தொங்கும் திரைச்சீலையால் இந்த வேலை முடியாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு திரையே சூடாகி அறைக்குள் அந்தச் சூட்டை விடும்.

மேல்மாடியில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு முன் கூரையைப் பார்க்கட்டும். உச்சி வெயிலை நாள் முழுக்க வாங்குவது அதுதான். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சோ, ஓட்டுக் கூரைக்கு அடியில் ஒரு மச்சோ செய்கிற உதவியை எந்தக் கண்ணாடியும் செய்யாது.

அனுமதி வேண்டுமா?

சாதாரணமாக வேண்டாம். கேரள நகராட்சிக் கட்டட விதிகள், அனுமதி தேவையில்லாத வேலைகள் என்று ஒரு பட்டியல் தருகின்றன. கதவு, ஜன்னல், காற்றுப்போக்கி வைப்பதும் எடுப்பதும் அதில் இருக்கின்றன. வெள்ளையடிப்பதும் சில்லறைப் பழுதும் கூடவே இருக்கின்றன. கட்டடத்தின் உறுதிக்கோ தீ பாதுகாப்புக்கோ மற்ற விதிகளுக்கோ குந்தகம் வரக்கூடாது என்பது நிபந்தனை. சுவரில் புதிதாகத் துளை போடுவது வேறு விஷயம். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் மட்டாஞ்சேரியில், பக்கத்து மனை எல்லைக்கு நெருக்கமான சுவரில் நினைத்த இடத்தில் ஜன்னல் வைக்க விதி இடம் கொடுக்காது.

ஆனால் மட்டாஞ்சேரி சாதாரணமான இடம் இல்லை. இந்தப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு உளியை எடுத்தால் சிலர் சிக்கலில் மாட்டுவார்கள்.

முதல் சிக்கல் அரண்மனை. போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் கட்டி கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் பெற்ற மட்டாஞ்சேரி அரண்மனை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கும் அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1568-ல் எழுந்த பரதேசி யூத ஆலயம் அரண்மனை வளாகத்தை ஒட்டியே நிற்கிறது. யூதத் தெருவின் வீடுகளும் கடைகளும் இந்த வட்டங்களுக்குள் வந்துவிடுகின்றன.

தடைசெய்யப்பட்ட பகுதியில் புதுக் கட்டுமானம் கிடையாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும், தகுதி அதிகாரி வழியாக விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் செய்யும் மாற்றங்களைத்தான் சட்டம் ‘பழுதும் புதுப்பிப்பும்’ என்று வரையறுக்கிறது. மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு வேறு அளவில், வேறு பொருளில் ஒன்றை மாட்டுவது இதற்குள் அடங்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைச் சுற்றியும் இதே கதைதான்.

இரண்டாவது, மரபு மண்டலம். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் மாநில அளவில் மரபுப் பகுதியாகக் கருதப்படுபவை. இப்படிப்பட்ட பகுதிகளில் கட்டட அனுமதி தருவதற்கு முன் கலை மற்றும் மரபு ஆணையத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. தெருவைப் பார்த்த முகப்பில் வேலை என்றால், மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் மரடு அடுக்குமாடிகள் கண் முன்னே தூளானதைப் பார்த்த ஊர் இது. அங்கே பிரச்சினை கடலோர விதி மீறல். ஜன்னலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் ‘யாரும் கேட்கவில்லையே’ என்பது அனுமதி ஆகாது என்று கொச்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

■ பெட்டி: சட்டம் கேட்பதும் கேட்காததும்

உங்கள் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி கட்டாயம் என்று இந்தியாவில் எந்த விதியும் சொல்லவில்லை.

ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளை மனதில் வைத்தது. மூன்று, நான்கு சென்ட் மட்டாஞ்சேரி வீடுகள் அதற்குள் வராது.

அந்த விதித்தொகுப்பு வெப்ப-ஈரப்பத ஊர்களுக்கு வலியுறுத்துவது திறந்து மூடும் ஜன்னல் பரப்பை. தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு. எல்லாக் காலநிலைகளிலும் இதுவே அதிகபட்சத் தேவை. குளிர் ஊர்களுக்கு 8.33 சதவீதம்தான்.

அசையாத பெரிய கண்ணாடிப் பலகை இந்தக் கணக்கில் சேராது. சறுக்கிச் செல்லும் ஜன்னலில் பாதிதான் திறக்கும், பாதிதான் கணக்கு.

இடவப்பாதி முதல் துலாவர்ஷம் வரை

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. ஜூனில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழை. இரட்டைக் கண்ணாடிக்கு இந்த மாதங்கள்தான் சோதனை.

இரண்டு தகடுகளுக்கு நடுவே விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகச் சட்டம் ஓடுகிறது. அதற்குள் ஈரம் உறிஞ்சும் குருணைகள். வெளியே இரண்டு அடுக்குப் பசை முத்திரை. அந்த முத்திரை உயிரோடு இருக்கும்வரை உள்ளே இருக்கும் காற்று வறண்டிருக்கும். ஃபிரேமின் அடிப்பள்ளத்தில் மழைநீர் தேங்கி நின்றால் முத்திரை ஊறிப்போகும். குருணைகள் நிறைந்துவிட்டால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் படியும். அதைத் துடைக்க வழியில்லை. பழுதுபார்க்கவும் வழியில்லை, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். ஆகவே ஃபிரேமின் கீழே நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, வேலை முடிந்தபின் அவற்றை சிலிக்கான் பூசி அடைத்துவிட்டார்களா என்று குனிந்து பார்ப்பது, கண்ணாடியின் பிராண்டைப் பார்ப்பதைவிட முக்கியம். உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. யூ.பி.வி.சி. துருப்பிடிக்காது; அதற்குள் பலத்துக்காக வைக்கும் இரும்புக் குழாயும் திருகுகளும் துருப்பிடிக்கும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதி வாங்க வேண்டும்.

இரட்டைக் கண்ணாடிக்கு நியாயமாக ஒரு நற்சான்றும் கொடுக்க வேண்டும். குளிர்நாடுகளில் ஜன்னலின் உட்புறம் வியர்க்கும். கொச்சியில் தலைகீழ். மழைக்கால இரவில் ஏசியை 20-ல் வைத்தால், ஒற்றைக் கண்ணாடியின் வெளிப்புறம் குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதில் நீராகப் படிந்து வழியும். கீழே மரச்சட்டம் இருந்தால் அது கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். இரட்டைக் கண்ணாடியில் வெளித்தகடு அவ்வளவு குளிராது, வழிவதும் குறையும். ஆனால் இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தாமாகத் தொடங்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு ஃபேனையும் போட்டால் வியர்வையும் குறையும், பில்லும் குறையும்.

பழைய வீட்டின் உடம்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரியின் தடித்த சுவர்கள் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. மழையில் ஈரத்தை வாங்கி, காற்றில் அதை விட்டுவிடும். காற்று ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய சுவர்கள் அவை. எல்லா ஜன்னலையும் இறுக்கி அடைத்தால் ஈரம் போக இடமில்லாமல் அலமாரித் துணியிலும் மெத்தைக்கு அடியிலும் போய் உட்காரும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. எட்டு மணி நேரம் இரண்டு மூன்று பேர் மூச்சு விட்ட அறையில் காலையில் தலை கனப்பது அதனால்தான்.

அப்புறம் கொசு. மாலை ஆறு மணிக்குக் கொச்சி வீடுகள் ஜன்னலை அடைப்பது வெயிலுக்கோ சூட்டுக்கோ பயந்து அல்ல; வாய்க்கால்களிலிருந்து கிளம்பும் கொசுப் படைக்குப் பயந்து. நல்ல வலை அடித்த ஜன்னல் இருந்தால், டிசம்பர், ஜனவரியிலும் மழை இரவுகளிலும் ஏசியே தேவைப்படாது. இந்த ஊரின் கரண்ட் பில்லைக் குறைக்கும் பொருள்களில் நான் முதலிடம் கொடுப்பது கொசுவலைக்கு. கண்ணாடிக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அதில் அவருக்குப் பெரிய லாபம் இல்லை.

சத்தத்துக்காக என்றால்

இங்கே இரட்டைக் கண்ணாடிக்கு நிஜமான வேலை இருக்கிறது. பஜார் ரோட்டில் மிளகும் இஞ்சியும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரிகள், குறுகிய சாலையில் முட்டும் பேருந்துகள், விழாக்காலத்து ஒலிபெருக்கி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. சாலையோர வீட்டுக்காரர்களுக்கு இந்த எண்கள் கனவுதான். குழந்தையோ முதியவரோ நோயாளியோ படுக்கும் அறைக்குச் சத்தம் ஒரு ஆரோக்கியப் பிரச்சினை. அங்கே செலவு செய்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்த இரட்டைக் கண்ணாடி என்று பார்க்க வேண்டும். ஒரே தடிமனில் இரண்டு தகடுகளும் நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள வழக்கமான கண்ணாடி, அதே தடிமனுள்ள ஒற்றைத் தகட்டைவிட இரண்டு மூன்று டெசிபல்தான் கூடுதலாகத் தடுக்கும். இரண்டு தகடும் ஒரே சுருதியில் அதிர்வதே காரணம். ஒன்று தடிமனாகவும் மற்றது மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஒன்று நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விட, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இடைவெளி கிடைத்தால் சத்தம் நன்றாக அடங்கும். மட்டாஞ்சேரி வீடுகளின் தடித்த சுவர் இங்கேதான் கைகொடுக்கிறது.

நாள் முழுக்க ஏசி ஓடும் கலைக்கூடம், மேற்கே காயலைப் பார்த்த பெரிய கண்ணாடி முகப்பு, நிழல் தர எந்த வழியும் இல்லாத மேல்மாடி, இவற்றுக்கும் வெயில் தடுப்புப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி பொருந்தும். மற்ற அறைகளுக்கு அது தேவையில்லை.

பழையது வெளியே, புதியது உள்ளே

சட்டமும் மழையும் கரண்ட் பில்லும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன. பழைய மர ஜன்னலை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். சுவரின் உட்புற விளிம்பில், தனி ஃபிரேமில், திறந்து மூடும் ஒற்றைக் கண்ணாடிக் கதவு ஒன்றைப் பொருத்துங்கள். பிரிட்டனில் மரபுப் பட்டியலில் உள்ள பழைய வீடுகளுக்குப் பாதுகாப்பு வல்லுநர்கள் பல காலமாகப் பரிந்துரைக்கும் முறை இது. வெளியே இருந்து பார்த்தால் தெரு மாறாது. பகலில் வெளிப் பலகைகள் வெயிலை நிறுத்தும். உள்கண்ணாடியைத் திறந்துவிட்டால் காற்று ஓடும். இரவில் ஏசி போடும்போது கண்ணாடியை அடைத்தால் இடுக்குப் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் நடுவே சுவரின் தடிமன் அளவு இடைவெளி. சத்தத்துக்கு அது போதும். அடைபட்ட முத்திரை இல்லாததால் மூட்டம் போடும் என்ற கவலை இல்லை. உடைந்தால் ஒரு கண்ணாடியை மாற்றினால் போதும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய வீட்டு ஜன்னல்கள் நேர்ச்சதுரமாக இருப்பதே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு மூலைவிட்டங்களிலும் அளக்க வேண்டும். ஏனென்றால் டஃபண்ட் (கெட்டிப்படுத்திய) கண்ணாடியைச் செய்தபிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி என்றால் ஐ.எஸ். 2553 குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஜன்னலுக்குக் கம்பி உண்டு. கம்பியும் கண்ணாடியும் சேர்ந்து தீ விபத்தில் வெளியேறும் வழியை அடைத்துவிடாதபடி, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். பழைய மரம் உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆஞ்ஞிலியிலோ தேக்கிலோ ஒட்டுப்போடத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூலி புது யூ.பி.வி.சி. ஜன்னலின் விலையைவிடக் கூடுதலாகத் தெரிந்தால், உளுத்துப்போவது கண்ணாடிப் பசைக்கும் உண்டு, அதற்கு ஒட்டுப்போட வழியில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போது கண்ணாடியின் தடிமனோடு விடாமல், அதன் கசிவு அளவையும் வெயில் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் முன்னதை ‘யூ வேல்யூ’ என்பார்கள், பின்னதை ‘எஸ்.ஹெச்.ஜி.சி.’ என்பார்கள். பின்னதற்கு எண் சொல்லத் தெரியாதவர் கொச்சிக்கு ஜன்னல் விற்கத் தயாராகவில்லை.

இவ்வளவையும் தனி மனிதர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளும் ஜன்னல்களும் இப்படித்தான் கடைச் சரக்காகின. மாற்று என்ன என்று அங்கே யாரும் வீட்டுக்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்டவில்லை. கொச்சியில் அந்த வசதி இருக்கிறது. மரபு, சூழல் விஷயங்களுக்கென்றே மாநகராட்சிக்கு சி-ஹெட் என்ற மையம் உண்டு. ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் உள்ளடக்கிய பொலிவுறு நகரத் திட்டம் 2016-ல் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. மூன்று சென்ட் வீட்டுக்காரர் மரபுக் கட்டடக் கலைஞரை வைத்துக்கொள்ள முடியாது. அவருக்குத் தேவை ஒரு சிறு கையேடு. எந்தத் தெரு எந்த வட்டத்துக்குள் வருகிறது, முகப்பு ஜன்னலில் எதை மாற்றலாம், உள்கண்ணாடியை எப்படிப் பொருத்துவது, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று வரைபடங்களோடு, மலையாளத்திலும், இந்தத் தெருக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழர், கொங்கணியர், குஜராத்தியருக்குப் புரியும் மொழிகளிலும் அது இருக்க வேண்டும். பழைய ஜன்னலைப் பழுதுபார்க்கும் ஆசாரிக் கூலியில் ஒரு பங்கை மானியமாகவும் கொடுக்கலாம். அடுத்த கோடைக்குள் வந்தால் நல்லது. ஏசி விற்பனை உச்சத்துக்குப் போவது அப்போதுதான்.